மாடி லைட்டைப் போட்டா ஆர்சிசிபி விழுது. 100 மில்லிஆம்பியருக்கு மாத்தச் சொல்றாங்க, மாத்தலாமா?

மல்லிச்செடி (திண்டுக்கல்) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டு ஒயரிங்ல ஒரு குழப்பம், விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

புதுசா கட்டின வீடு, கீழ்த்தளமும் மாடியும். த்ரீ ஃபேஸ் சர்வீஸ். மீட்டர் பக்கத்துல இருக்கிற மெயின் போர்டுல இருந்து கீழ் டிபிக்கு (லைனைப் பிரிச்சு விடுற ஸ்விட்ச் பெட்டி) ஒரு கேபிள், மாடி டிபிக்கு ஒரு கேபிள்னு தனித்தனியா போகுது. ரெண்டு டிபியிலயும் ஒவ்வொரு ஆர்சிசிபி (கரண்ட் லீக் ஆனா தானா சப்ளையை வெட்டுற ஸ்விட்ச்) இருக்கு. 4 போல், 40 ஆம்பியர், 30 மில்லிஆம்பியர்னு மேல எழுதியிருக்கு. இன்வெர்ட்டர் கீழ, மாடிப்படிக்கு அடியில. கீழ் டிபியில இருந்து அதுக்கு லைன் வருது. அதுல இருந்து ரெண்டு தளத்து லைட்டுக்கும் ஃபேனுக்கும் போகுது.

மாடி ஹால்ல டியூப் லைட்டைப் போட்டா ஆர்சிசிபி விழுது. சில நேரம் கீழ இருக்கிறது விழும், சில நேரம் மாடியில இருக்கிறது, சில நேரம் ரெண்டுமே. பெட்ரூம் ஃபேன் போட்டாலும் அப்படித்தான். ஆனா நைட் லாம்ப் மட்டும் போட்டா ஒண்ணும் ஆகல, விடிய விடிய எரியுது. மாடியில ஏசிக்கோ வாஷிங் மெஷினுக்கோ விழுறதே இல்ல. போன வாரம் கரண்ட் போயிருந்தப்ப மாடி ஃபேனைப் போட்டேன், அப்பவும் கீழ் ஆர்சிசிபி விழுந்துச்சு. மாடி இருட்டு, கீழ மட்டும் இன்வெர்ட்டர்ல லைட் எரியுது. கரண்டே இல்லாதப்ப அது எப்படி விழும்னு எனக்குப் புரியவே இல்ல.

ஒயரிங் பண்ணினவரைக் கூப்பிட்டோம். மாடிப்படி ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து மாடி நியூட்ரலையும் கீழ் நியூட்ரலையும் ஒண்ணா முறுக்கி டேப் சுத்தினார். அன்னைக்குச் சாயங்காலம் கீழ மிக்ஸி போட்டாலே விழ ஆரம்பிச்சுது. மறுநாள் வந்து பிரிச்சுட்டார். இப்ப என்ன சொல்றார்னா, "30 ரொம்ப சென்சிடிவ், 100 மில்லிஆம்பியர் வாங்கி மாட்டிடலாம், இல்லேன்னா மாடியில ஆர்சிசிபியை எடுத்துட்டு ஐசோலேட்டர் (கையால மட்டும் ஆஃப் பண்ற சாதா மெயின் ஸ்விட்ச்) போட்டுடலாம்." வீட்ல 3 வயசுக் குழந்தை இருக்கு, மாமியார் இருக்காங்க. எடுக்க மனசு வரல. என்ன பண்றது?

புல்லட்_தேனி எழுதியது:

அக்கா, ரொம்ப யோசிக்காதீங்க. எங்க வீட்ல ஆர்சிசிபியே கிடையாது, எம்சிபி (ஓவர்லோடு, ஷார்ட் ஆனா விழுற ஸ்விட்ச்) மட்டும்தான். எர்த் குழி உப்பு கரி போட்டு நல்லா எடுத்திருந்தா போதும், ஷாக் அடிக்காது. இதெல்லாம் இப்ப புதுசா வந்த தலைவலி. மிக்ஸி அரைக்கும்போதெல்லாம் யாரு போய் டிபியைத் தூக்கி விட்டுட்டு இருக்கிறது?

மேலூர்_ஒயர்மேன் எழுதியது:

தங்கச்சி, 100-க்கு மாத்தாதீங்க. ஐசோலேட்டரும் வேண்டாம். உங்க வீட்டு ஆர்சிசிபி ரெண்டும் நல்லா இருக்கு. தப்பு நியூட்ரல்ல இருக்கு. நீங்க எழுதினதைப் படிச்ச உடனே எனக்குச் சந்தேகம் தீர்ந்துடுச்சு, ஏன்னா நைட் லாம்புக்கு விழல, டியூப் லைட்டுக்கு விழுதுன்னு கவனிச்சு எழுதியிருக்கீங்க. பாதிப் பேர் அதைக் கவனிக்கிறதே இல்ல.

முதல்ல ஆர்சிசிபி உள்ள என்ன நடக்குதுன்னு சொல்லிடறேன். 3 ஃபேஸ் ஒயரும் நியூட்ரலும் ஒரே இரும்பு வளையத்துக்குள்ள சேர்ந்து போகும். ஃபேஸ்ல போன கரண்ட் முழுக்க அதே வளையம் வழியா நியூட்ரல்ல திரும்பி வந்துட்டா கூட்டினா பூஜ்யம், வளையத்துக்கு ஒண்ணும் தெரியாது. கொஞ்சம் வேற வழியில போயிட்டா வித்தியாசம் தெரியும். 30 மில்லிஆம்பியர் வித்தியாசம் வந்தா விழுந்தே ஆகணும், 15 வரைக்கும் விழக் கூடாது. நடுவுல எங்க வேணும்னாலும் விழலாம். ஆர்சிசிபிக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 12640-ல இருக்கிற கணக்கு இதுதான். கரண்ட் எர்த்துக்குப் போச்சா, இல்ல வேற நியூட்ரலுக்குப் போச்சான்னு அதுக்குப் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. திரும்பி வரலேன்னு மட்டும்தான் தெரியும்.

ரெண்டு வாசல் வச்ச கல்யாண மண்டபத்தை நினைச்சுக்கோங்க. ரெண்டு வாசல்லயும் உள்ள போறவங்க, வெளிய வர்றவங்க தலையை எண்ண ஒவ்வொரு ஆள். கிழக்கு வாசல்ல நுழைஞ்ச 10 பேர் மேற்கு வாசல்ல வெளிய போயிட்டாங்க. யாரும் காணாம போகல. ஆனா ரெண்டு ஆளுக்கும் கணக்கு உதைக்கும். உங்க வீட்ல நடக்கிறது இதுதான். மாடி ஹால் டியூப்லைட்டுக்கு ஃபேஸ், கீழ் ஆர்சிசிபி வழியா இன்வெர்ட்டருக்கு வந்து அங்கிருந்து மேல போகுது. நியூட்ரல் மாடி டிபியில இருந்து எடுத்திருக்காங்க. அப்ப திரும்புற கரண்ட் மாடி ஆர்சிசிபி வழியாத்தான் போகும். கீழ இருக்கிறதுக்குப் போனது வரல. மேல இருக்கிறதுக்குப் போகாதது வருது. ரெண்டுக்கும் ஒரே அளவு வித்தியாசம், எது முந்துதோ அது விழும். அதனாலதான் உங்களுக்கு ஆள் மாறி மாறி விழுது.

இப்ப நைட் லாம்ப் கணக்கைப் பாருங்க. அரை வாட் எல்இடி எடுக்கிறது சில மில்லிஆம்பியர்தான், 15-ஐத் தொடாது. 20 வாட் டியூப்லைட்டை 230-ஆல வகுத்தா 87 மில்லிஆம்பியர். 75 வாட் ஃபேன் 326. 9 வாட் பல்பு ஒண்ணு போட்டாலே 39 ஆயிடும். ஃபேஸ் ஒயர்ல ஈரத்தாலயோ தோல் கிழிஞ்சோ லீக்கேஜ் இருந்தா, என்ன லோடு போடுறீங்கங்கிறதைப் பார்த்து விழாது. லோடு வாட்டுக்குத் தக்கபடி விழுதுன்னா லோடு கரண்டே தப்பான பாதையில திரும்புதுன்னு அர்த்தம். அப்ப 100 மில்லிஆம்பியர் மாட்டினா என்ன ஆகும்? ஒரு ஃபேன் போட்டா 326. அதுவும் விழும். 300 மாட்டினாலும் விழும். காசு போனதுதான் மிச்சம், குழந்தைக்கு இருக்கிற பாதுகாப்பும் போயிடும். உயிரைக் காக்க 30-க்கு மேல எதுவும் உதவாது. 100, 300 எல்லாம் தீ விபத்துக்கான தடுப்பு.

கரண்ட் இல்லாதப்ப விழுந்ததுக்குக் காரணம். நல்ல ஆர்சிசிபிக்கு வேலை செய்ய ஈபி சப்ளை தேவையில்ல, வளையத்துல வர்ற அந்தச் சின்ன வித்தியாசமே காந்தத்தை விடுவிச்சுடும். இன்வெர்ட்டர் பேட்டரியில ஓடுறப்ப கரண்ட் மாடி ஃபேனுக்குப் போய், மாடி நியூட்ரல்ல இறங்கி, மாடி ஆர்சிசிபியைத் தாண்டி, மெயின் போர்டு நியூட்ரல் லிங்குக்கு (எல்லா நியூட்ரலும் சேர்ற கட்டை) வந்து, கீழ் ஆர்சிசிபி நியூட்ரல் வழியா இன்வெர்ட்டருக்குத் திரும்புது. ரெண்டு வளையத்துலயும் நியூட்ரல்ல மட்டும் கரண்ட். விழாம என்ன செய்யும்? கீழ இருக்கிறது விழுந்ததும் 4 போல், அதாவது 3 ஃபேஸோட நியூட்ரலையும் சேர்த்து வெட்டுறதுங்கிறதால நியூட்ரலும் அறுந்துடுச்சு, மாடிக்குத் திரும்புற வழி போச்சு, இருட்டு. கீழ் லைட்டுக்கு ஃபேஸும் நியூட்ரலும் ஆர்சிசிபிக்கு வீட்டு ஒயரிங் பக்கமே முடிஞ்சுடுறதால அது பாட்டுக்கு எரியுது. நீங்க சொன்ன ஒவ்வொரு அடையாளமும் பொருந்துது.

ஜங்ஷன் பாக்ஸ்ல நியூட்ரலைச் சேர்த்ததும் மிக்ஸிக்கு விழுந்ததும் அதே கதைதான். சேர்த்த உடனே எந்த லோடு போட்டாலும் திரும்புற கரண்ட் ரெண்டு ஆர்சிசிபி வழியாவும் பிரிஞ்சு போகும். அதுக்கு முன்னாடி மாடி லைட்டுக்கு மட்டும் இருந்த நோயை வீடு முழுக்கப் பரப்பின மாதிரி ஆயிடுச்சு.

நான் சொல்றதை நம்ப வேண்டாம், நீங்களே சோதிச்சுப் பாருங்க, ஒரு ஸ்க்ரூகூடக் கழட்ட வேண்டாம். ஈபி சப்ளை இருக்கிற பகல் நேரத்துல, மாடி ஆர்சிசிபியைக் கையால கீழ தள்ளி ஆஃப் பண்ணுங்க. கீழ் டிபியும் இன்வெர்ட்டரும் ஆன்ல இருக்கட்டும். இப்ப மாடியில ஒவ்வொரு ரூமா இன்வெர்ட்டர் லைட்டைப் போடுங்க. ஒயரிங் சரியா இருந்தா அது எரியணும், ஏன்னா அதோட ஃபேஸும் நியூட்ரலும் கீழ இருந்துதான் வரணும். எரியலேன்னா அந்த ரூமுக்கு நியூட்ரல் மாடி டிபியில இருந்து வருது. எல்இடி மங்கலா மினுக்கினாலும் எரியலேன்னே கணக்கு வைங்க. எந்த ரூம் எரிஞ்சுது, எது எரியலேன்னு எழுதுங்க.

ரொம்ப முக்கியமா ஒண்ணு. மாடி டிபி முழுக்க ஆஃப் பண்ணினாலும் மாடி ஸ்விட்ச் போர்டுல இன்வெர்ட்டர் ஃபேஸ் உயிரோடதான் இருக்கும். "மெயின் ஆஃப் பண்ணிட்டேனே"ன்னு யாராவது ரெகுலேட்டரைக் கழட்டினா கை வச்ச இடத்துல அடிக்கும். வீட்டு மெயினையும் இன்வெர்ட்டரையும் ரெண்டையுமே ஆஃப் பண்ணி, டெஸ்டர் வச்சுப் பார்த்த பிறகுதான் திறக்கணும். இதை வீட்ல எல்லாருக்கும் சொல்லி வைங்க.

புல்லட்_தேனி தம்பிக்கு. எர்த் நல்லா இருந்தா போதும்னு சொல்றீங்க, கணக்குப் போட்டுப் பாருங்க. வீட்டு எர்த் குழி 10 ஓம்ஸ், டிரான்ஸ்பார்மர் எர்த் 2 ஓம்ஸ்னு வைங்க. நம்ம பக்கத்துல 10 ஓம்ஸ் கிடைச்சாலே நல்ல குழிதான். ஃப்ரிட்ஜ் உடம்புல ஃபேஸ் பட்டுடுச்சு. 230-ஐ 12-ஆல வகுத்தா 19 ஆம்பியர். உங்க 20 ஆம்பியர் எம்சிபி 19-க்கு விழவே விழாது. அது சட்டுன்னு விழணும்னா சி வகையில குறைஞ்சது 5 மடங்கு, 100 ஆம்பியருக்கு மேல வேணும். அப்ப அந்த ஃப்ரிட்ஜ் உடம்புல சுமார் 190 வோல்ட் நின்னுட்டே இருக்கும், யாராவது வெறுங்காலோட வந்து தொடுற வரைக்கும். மனுஷ உடம்புல 10 மில்லிஆம்பியர் தாண்டினாலே பிடிச்ச கையை விட முடியாது. தயவுசெஞ்சு ஒண்ணு வாங்கி மாட்டுங்க தம்பி.

மல்லிச்செடி எழுதியது:

அண்ணா, ரொம்ப நன்றி. இவ்வளவு விவரமா யாரும் சொன்னதில்ல.

நீங்க சொன்னபடி மாடி ஆர்சிசிபியை ஆஃப் பண்ணிட்டுப் பார்த்தேன். ஹால் லைட் எரியல, ஃபேன் சுத்தல. பெரிய பெட்ரூம்லயும் அப்படித்தான். படிக்கட்டை ஒட்டி இருக்கிற சின்ன ரூம்ல மட்டும் எல்லாமே ஒழுங்கா எரிஞ்சுது! அந்த ரூமுக்கு இதுவரைக்கும் எப்பவுமே விழுந்ததில்லேங்கிறதும் அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு.

டெஸ்ட் பட்டனை அமுக்கினா ரெண்டுமே உடனே விழுது. அப்ப எர்த்தும் சரியா இருக்குன்னு எடுத்துக்கலாமா? இதை எப்படிச் சரி பண்றது? சுவரெல்லாம் பெயிண்ட் அடிச்சாச்சு, மறுபடி காடி வெட்டணும்னா வீட்ல சண்டை வரும்.

மில்_பராமரிப்பு (ராஜபாளையம்) எழுதியது:

மேலூர் அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு சரி. டெஸ்ட் பட்டன் பத்தி கேட்டதால எங்க அனுபவம் ஒண்ணு சொல்றேன். நான் ஸ்பின்னிங் மில்லுல எலக்ட்ரிகல் பார்க்கிறேன். எங்க பேனல்கள்ல ஆர்சிசிபிக்குப் பதிலா எர்த் ஃபால்ட் ரிலேயும், கேபிள் நுழையிற பெரிய வளையமும் இருக்கும், சிபிசிடின்னு சொல்வோம். தத்துவம் ஒண்ணுதான்.

ஒரு கம்ப்ரஸர் மோட்டார்ல வைண்டிங் உடம்புல ஒட்டி, புகை வந்து, ஓவர்லோடுல டிரிப் ஆகிற வரைக்கும் எர்த் ஃபால்ட் ரிலே அசையவே இல்ல. ரிலேயைக் குறை சொன்னோம். வளையத்துக்குள்ள தனியா ஒரு ஒயர் விட்டு கரண்ட் ஏத்திச் சோதிச்சா ரிலே டக்குனு வேலை செய்யுது. வருஷா வருஷம் நடந்த சோதனையும் இதேதான், ஒவ்வொரு தடவையும் பாஸ். கடைசியில பேனல் கீழ டார்ச் அடிச்சுக் குனிஞ்சு பார்த்தப்பதான் தெரிஞ்சுது: 3 ஃபேஸ் ஒயரோட பச்சை எர்த் ஒயரும் அந்த வளையத்துக்குள்ளயே போயிருக்கு. ஃபேஸ்ல போன ஃபால்ட் கரண்ட் பச்சையில திரும்பி அதே வளையத்துக்குள்ள வந்தா கூட்டினா பூஜ்யம்தானே. ரிலே கண்ணுக்கு மோட்டார் நல்லா ஓடிட்டு இருந்திருக்கு. பேனல் கட்டினவங்க நாலு ஒயரையும் ஒண்ணா டை போட்டு அழகா அடுக்கியிருந்தாங்க, அந்த அழகே வினையாப் போச்சு. பச்சையை மட்டும் வெளிய எடுத்துப் போட்டோம், அவ்வளவுதான் வேலை.

ஆர்மர்டு கேபிளை (மேல இரும்புக் கம்பி, அதாவது ஆர்மர் சுத்தின கேபிள்) முழுசா வளையத்துக்குள்ள விட்டாலும் இதே தொல்லை வரும். ஆர்மர் வழியா வர்ற கரண்டையும் அது கழிச்சுடும். ஒண்ணு, கிளாண்டுக்கு (கேபிளைப் பேனல்ல பிடிச்சு நிறுத்துற பாகம்) மேல உள் ஒயர்கள் மட்டும் போற இடத்துல வளையத்தை மாட்டணும். இல்லேன்னா ஆர்மரை கிளாண்ட் பிளேட்ல படாம வச்சு, அதோட எர்த் ஒயரை வளையத்துக்குள்ள திருப்பி எடுத்துட்டு வந்து எர்த் பண்ணணும்.

அபார்ட்மெண்ட்ல ஜெனரேட்டர் வச்சிருக்கிறவங்களும் கவனிங்க. டிரான்ஸ்பார்மர் நியூட்ரல் ஒரு இடத்துல எர்த், ஜெனரேட்டர் நியூட்ரல் இன்னொரு இடத்துல எர்த், ஈபிக்கும் ஜெனரேட்டருக்கும் மாத்துற சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் மட்டும் நியூட்ரலை வெட்டாத 3 போல்னா நியூட்ரல் கரண்ட்ல ஒரு பங்கு எப்பவும் மண்ணு வழியா ஓடிட்டே இருக்கும். பிரேக்கர் சும்மா சும்மா விழும், இல்லேன்னா விழ வேண்டிய நேரத்துல விழாது. அங்க 4 போல் சேஞ்ச் ஓவர் வேணும்.

விழுந்து தொல்லை பண்ற தப்பை எப்படியும் கண்டுபிடிச்சுடலாம். விழாம அமைதியா இருக்கிற தப்புதான் எனக்குப் பயம்.

மேலூர்_ஒயர்மேன் எழுதியது:

மில் தம்பி சரியான இடத்துல கை வச்சிருக்காரு. தங்கச்சி, டெஸ்ட் பட்டன் எர்த்தைச் சோதிக்காது. அதை அமுக்கினா உள்ள இருக்கிற ஒரு ரெசிஸ்டர் வழியா வளையத்தைச் சுத்திக் கொஞ்சம் கரண்ட் போகும், அவ்வளவுதான். வீட்ல எர்த் ஒயரே இல்லேன்னாலும் பட்டன் அமுக்கினா விழும். யந்திரம் உயிரோட இருக்குன்னு தெரிஞ்சுக்க அது வேணும், மாசம் ஒரு தடவை அமுக்குங்க. ஆனா அதை வச்சு ஒயரிங் சரின்னு முடிவு பண்ணக் கூடாது.

வீட்டுலயும் அமைதியான தப்பு உண்டு. பழைய வீடுகள்ல எர்த் ஒயர் வராத ப்ளக் பாயிண்ட்ல, 5 பின் சாக்கெட்டுக்குப் பின்னாடி நியூட்ரல்ல இருந்து எர்த் பின்னுக்கு ஒரு துண்டு ஒயர் மாட்டி விட்டுடுவாங்க. சீரிஸ் லாம்ப் (டெஸ்ட் பல்பு) வச்சுப் பார்த்தா எர்த் இருக்கிற மாதிரி நல்லா எரியும். கிரைண்டர் உடம்புல ஃபேஸ் பட்டா கரண்ட் அந்தத் துண்டு வழியா நியூட்ரலுக்கே திரும்பிடும், ஆர்சிசிபிக்கு ஒண்ணுமே தெரியாது. அந்த நியூட்ரல் எங்கயாவது விட்டுப்போச்சுன்னா கிரைண்டர் உடம்பு முழுக்க 230 வோல்ட். நான் பார்த்ததுலயே மோசமான வேலை இதுதான். உங்களுது புது வீடு, இருக்காதுன்னு நம்புறேன். இருந்தாலும் சாக்கெட்டைத் திறக்கிறப்ப பார்க்கச் சொல்லுங்க.

இப்ப உங்க வேலைக்கு வருவோம். சின்ன ரூம் எரிஞ்சது நல்ல சேதி. இன்வெர்ட்டர் நியூட்ரல் அந்த ரூம் ஸ்விட்ச் பாக்ஸ் வரைக்கும் ஏற்கனவே மேல வந்திருக்கு. அங்கிருந்து ஹாலுக்கும் பெரிய ரூமுக்கும் ஃபேஸை மட்டும் லூப் பண்ணியிருக்காங்க. கான்கிரீட் போடுறப்ப பைப் போட்டிருப்பாங்க, இன்வெர்ட்டர் வைக்கணுங்கிற பேச்சு பின்னாடிதான் வந்திருக்கும். அதனால சிவப்பு ஒயர் ஒண்ணை மட்டும் இழுத்து, "நியூட்ரல்தான் அங்கேயே இருக்கே"ன்னு விட்டிருப்பாங்க. எத்தனையோ வருஷமா எல்லாரும் இப்படித்தான் செஞ்சாங்க. எல்லா நியூட்ரலும் ஒரே லிங்க்ல சேர்ற வீட்ல அது வெளியவே தெரியாது. தளத்துக்கு ஒரு ஆர்சிசிபின்னு வந்த பிறகுதான் இந்தப் பழக்கம் மாட்டிக்குது. அதனால அவர் மேல கோபப்படாம, இதைக் காட்டிப் பேசுங்க.

காடி வெட்ட வேண்டியதில்லேன்னு நினைக்கிறேன். சிவப்பு போன பைப்புலயே நியூட்ரலுக்கு ஒரு கறுப்பு ஒயரை இழுத்துடலாம். பைப் நெருக்கமா இருந்தா பழைய சிவப்பையே இழுப்புக் கம்பி மாதிரி வச்சு, அது வாலுல புது சிவப்பையும் கறுப்பையும் சேர்த்துக் கட்டி, கொஞ்சம் டால்கம் பவுடர் தடவி இழுத்தா வந்துடும். சிரமமே அதுக்கு அப்புறம்தான். ஒவ்வொரு ஸ்விட்ச் பாக்ஸ்லயும் லைட், ஃபேன் நியூட்ரலையும் ப்ளக் பாயிண்ட் நியூட்ரலையும் ஒண்ணா முறுக்கியிருப்பாங்க. அதைப் பிரிக்கணும். இன்வெர்ட்டர்ல ஓடுறதெல்லாம் புதுக் கறுப்புல, மத்தது மாடி டிபி நியூட்ரல்ல. ஒரு பாக்ஸ்ல மறந்து சேர்ந்திருந்தாலும் பழைய கதைதான். முடிஞ்சதும் மாடி ஆர்சிசிபியை ஆஃப் பண்ணிட்டு நீங்க செஞ்ச அதே சோதனையை மறுபடி செய்ங்க, மூணு ரூமும் எரியணும்.

ஒருவேளை ஒயர் வரவே இல்லேன்னா ஒரு தற்காலிக வழி இருக்கு. கீழ், மாடி ரெண்டுக்கும் பொதுவா மெயின் போர்டுல ஒரே ஒரு 63 ஆம்பியர், 4 போல், 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி போட்டு, டிபி ரெண்டுலயும் இருக்கிறதுக்குப் பதிலா ஐசோலேட்டர் வைக்கலாம். நியூட்ரல் உள்ளுக்குள்ள எப்படிக் கலந்திருந்தாலும் எல்லாம் ஒரே வளையத்துக்குள்ள வந்துடுறதால விழாது, குழந்தைக்கும் பாதுகாப்பு இருக்கும். ஆனா எங்க லீக் ஆனாலும் முழு வீடும் இருட்டு. இன்வெர்ட்டர் ஏசி, கம்ப்யூட்டர் எல்லாம் சும்மா இருக்கும்போதே ஆளுக்கு ஒண்ணு ரெண்டு மில்லிஆம்பியர் எர்த்துக்கு விடும், அது மொத்தமும் ஒரே இடத்துல சேரும். மாடி ஆஃப்ல இருந்தாலும் இன்வெர்ட்டர் ஃபேஸ் உயிரோட இருக்கிற ஆபத்தும் அப்படியேதான் நிக்கும். எனக்கு இதுல திருப்தி இல்ல. 100 மாட்டுறதுக்கு இது எவ்வளவோ மேலுங்கிறதால சொல்றேன்.

எதுக்காகவாவது புது ஆர்சிசிபி வாங்கினா ஏ டைப் கேட்டு வாங்குங்க. ஏசி டைப்ங்கிறது சாதாரண மாறுதிசைக் கரண்ட் லீக்கேஜை மட்டும் பார்க்கும். இப்ப வர்ற வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் ஏசி உள்ளயெல்லாம் டிசி கலந்த லீக்கேஜ் வரும், அதையும் ஏ டைப் பிடிக்கும்.

மல்லிச்செடி எழுதியது:

அண்ணா, வேலை முடிஞ்சுது. ஒயர் வந்துடுச்சு, காடி வெட்டல! பழையவரே வந்து செஞ்சு கொடுத்தார். நீங்க எழுதினதைப் படிச்சுட்டு, மண்டபக் கணக்கை ரெண்டு தடவை கேட்டுட்டு, அப்புறம் ஒத்துக்கிட்டார். மாடி ஆர்சிசிபி அதுக்கப்புறம் ஒரு தடவைகூட விழல. மூணு ரூமும் சோதனையில எரியுது.

ஆனா கீழ இருக்கிறது இன்னும் எப்பவாவது விழுது. அயர்ன் பாக்ஸ் போட்டா, கிரைண்டர் ஓடினா விழுது. எல்லா நாளும் இல்ல. கீழ் டிபியில ஒவ்வொரு எம்சிபியா ஆஃப் பண்ணிப் பார்த்தோம், எதை ஆஃப் பண்ணினாலும் நிக்கல. இது என்ன?

மேலூர்_ஒயர்மேன் எழுதியது:

இது வேற ஆள். ஆர்சிசிபிக்கு வீட்டு ஒயரிங் பக்கம் எங்கயோ ஒரு நியூட்ரல் எர்த்ல பட்டுட்டு இருக்கு. எம்சிபி ஃபேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் எப்பவும் லிங்க்லயே இருக்கும். அதனால எந்த எம்சிபியை ஆஃப் பண்ணினாலும் அந்தத் தொடுப்பு போகாது. பெரிய லோடு ஓடுறப்ப நியூட்ரல்ல ஒண்ணு ரெண்டு வோல்ட் ஏறும், அப்ப திரும்புற கரண்ட்ல கொஞ்சம் எர்த் வழியா நழுவும். 30 மில்லிஆம்பியர் நழுவினா போதுமே. அயர்ன் பாக்ஸ் மேல பழி விழும், அது நிரபராதி.

மெயினையும் இன்வெர்ட்டரையும் ஆஃப் பண்ணி, ப்ளக்ல மாட்டினதெல்லாம் கழட்டி, கீழ் டிபி நியூட்ரல் லிங்க்ல இருந்து கறுப்பு ஒயர்களை ஒவ்வொண்ணா உருவச் சொல்லுங்க. உருவும்போதே எது எந்த எம்சிபியோட ஜோடின்னு ஒட்டுத்தாள்ல எழுதி ஒட்டணும், இல்லேன்னா திருப்பி மாட்டுறப்ப புதுக் குழப்பம். ஒவ்வொரு கறுப்புக்கும் எர்த்துக்கும் நடுவுல 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனை அளக்கிற மீட்டர்) வச்சுப் பார்க்கணும். 1 மெகாஓம்க்கு மேல காட்டினா சரி. எது பூஜ்யத்துக்குப் பக்கத்துல காட்டுதோ அந்த லைன்தான். முதல்ல ஹீட்டர் பாயிண்ட், மொட்டைமாடி லைட், வாசல் கேட் லைட் மூணையும் பாருங்க. ஈரம் போற இடமும் இரும்புப் பாக்ஸ் இருக்கிற இடமும்தான் பெரும்பாலும் மாட்டும்.

மல்லிச்செடி எழுதியது:

கிடைச்சுடுச்சு அண்ணா! கீழ் பாத்ரூம் ஹீட்டர் பாயிண்ட். பிளேட்டைக் கழட்டினதும் கறுப்பு ஒயர்ல ஸ்க்ரூ மரை பதிஞ்ச அச்சு, அதுக்கு நடுவுல கடுகு அளவுக்குச் செம்பு மின்னுச்சு. பிளேட் ஸ்க்ரூ நீளமா இருந்து, ஒயரை இரும்புப் பாக்ஸ் ஓரத்தோட வச்சு அழுத்தியிருக்கு. மெக்கர்ல அந்த ஒயர் மட்டும் பூஜ்யம். அந்தக் கறுப்பைக் கழட்டி வச்சுட்டு அயர்ன் பாக்ஸ், கிரைண்டர் ரெண்டையும் ஒண்ணா ஓட்டினோம், விழல. இப்போதைக்கு டேப் சுத்தி வச்சிருக்கார், போதுமா?

மேலூர்_ஒயர்மேன் எழுதியது:

டேப் வேண்டாம். பாத்ரூம் ஈரத்துலயும் சூட்டுலயும் பசை விட்டுடும், மறுபடி அதே இடத்துல தொடும். ஹீட்டர் லைன் 4 ஸ்கொயர் எம்எம்மோ இரண்டரையோ எது போட்டிருக்கோ அதே அளவுல அந்தக் கறுப்பை டிபி வரைக்கும் புதுசா இழுத்துடச் சொல்லுங்க, நடுவுல ஜாயிண்ட் இல்லாம. சிவப்பையும் பச்சையையும் அதே பாக்ஸ்ல விரலால தடவிப் பாருங்க, அதே ஸ்க்ரூ அங்கயும் கடிச்சிருக்கலாம். பிளேட்டுக்குக் குட்டை ஸ்க்ரூ வாங்கிப் போடுங்க, ஒயரைப் பாக்ஸோட பின்பக்கம் மடிச்சு வச்சுட்டு அப்புறம் மூடணும். அது வரைக்கும் ஹீட்டர் எம்சிபி ஆஃப்லயே இருக்கட்டும், அந்தக் கறுப்பும் லிங்க்ல இருந்து கழண்டே இருக்கட்டும்.

எல்லாம் முடிஞ்சதும் ஆர்சிடி டெஸ்டர் (ஆர்சிசிபியைச் சோதிக்கிற கருவி) வச்சிருக்கிற ஒயர்மேன் யாரையாவது ஒரு தடவை கூப்பிடுங்க. ஒவ்வொரு ப்ளக் பாயிண்ட்லயும் மாட்டிப் பார்க்கணும்: 15 மில்லிஆம்பியருக்கு விழக் கூடாது, 30-க்கு 300 மில்லிசெகண்டுக்குள்ள விழணும், 150-க்கு 40-க்குள்ள. ஏதாவது ஒரு பாயிண்ட்ல மட்டும் விழலேன்னா அங்க எர்த் வரலேன்னு அர்த்தம், இல்லேன்னா அந்தத் துண்டு ஒயர் சமாச்சாரம்.

மாடி ஸ்விட்ச் பாக்ஸ்கள்ல புதுசா இழுத்த கறுப்பு ஒயருக்கு ரெண்டு முனையிலயும் நீல டேப் சுத்தாதீங்க, நீலம் மூணாவது ஃபேஸ். வெள்ளை ஸ்லீவ் மாட்டி "இன்வெர்ட்டர் நியூட்ரல்"னு பேனாவுல எழுதச் சொல்லுங்க. மாடி டிபி கதவுக்கு உள்பக்கம் ஒரு தாள் ஒட்டுங்க: லைட், ஃபேன் நியூட்ரல் கீழ இருந்து வருது, ப்ளக் நியூட்ரலோட சேர்க்காதே, மெயினையும் இன்வெர்ட்டரையும் ஆஃப் பண்ணாம திறக்காதேன்னு.